இரண்டு 'ட' அட்டைகளும் ஒரு துணிக்கடைத் தெருவும்

நான் தைத்த முதல் பையை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன். மஞ்சள் துணியில் பச்சைக் கிளிகள், இடையிடையே செம்பருத்தி. கடையில் ரோலை உருட்டி விரித்தபோது மேசை முழுக்கத் தோட்டம் பரப்பினாற்போல் இருந்தது. விலை கேட்கும் முன்பே மனம் அதில் போய்விட்டது. இரண்டு மீட்டர் வாங்கி அன்று இரவே வெட்டித் தைத்தேன். முன்பக்கத்தில் தலையில்லாத ஒரு கிளி, பாதிச் செம்பருத்தி, மிச்சமெல்லாம் வெறும் மஞ்சள். பின்பக்கத்தில் ஒரு கிளி முழுதாக வந்திருந்தது, ஆனால் தலைகீழாக.

துணியில் ஒரு குறையும் இல்லை. ஒரு கிளிக்கும் அடுத்த கிளிக்கும் நடுவே இரண்டு சாண் இடைவெளி. உடுத்தினாலோ சன்னலில் திரையாகத் தொங்கவிட்டாலோ அது நல்ல அழகு. ஒரு கைப்பை அதிலிருந்து சின்னக் கட்டம் ஒன்றைத்தான் காட்டும். அந்தக் கட்டத்தை நான் கடையிலேயே பார்த்திருக்க வேண்டும்.

இப்போது அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். பழைய தினசரிக் காலண்டர் அட்டையில் 'ட' எழுத்தைப் போல இரண்டு துண்டுகள் வெட்டிக்கொண்டேன். ஒன்றை நேராகவும் இன்னொன்றைத் தலைகீழாகத் திருப்பியும் சேர்த்து வைத்தால் நடுவே ஒரு கட்டம் கிடைக்கும். விலக்கினால் காய்கறிப் பை அளவு, நெருக்கினால் பென்சில் பை அளவு. உள் ஓரத்தில் சென்டிமீட்டர் குறித்திருக்கிறேன். கடையில் துணியை விரிக்கச் சொல்லி, அதன்மேல் இரண்டையும் வைத்து மெல்ல நகர்த்திப் பார்ப்பேன். சில துணிகளில் கட்டத்தை எங்கே வைத்தாலும் கண்ணுக்கு ஏதாவது கிடைக்கும். அவற்றை யோசிக்காமல் வாங்கலாம். சில துணிகளில் ஒரே ஓர் இடம்தான் உயிரோடு இருக்கும். அந்த ஒரு பூவுக்காகச் சுற்றியிருப்பதை எல்லாம் வெட்டி ஒதுக்க வேண்டியிருக்கும். மீட்டர் விலை குறைவாக இருந்தாலும் பைக்குக் கணக்குப் பார்த்தால் அது விலை கூடிய துணி.

நான் வாங்கப் போவது பெரும்பாலும் கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா, துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலைப் பக்கம். எங்கள் அப்பா கடைசிவரை அந்தச் சாலையைப் 'பத்து ரோடு' என்றுதான் சொன்னார். செந்தூலில் எல்.ஆர்.டி. ரயில் ஏறினால் நாலாவது நிறுத்தம் பண்டாராயா. அங்கே இறங்கி மஸ்ஜித் ஜாமெக் திசையில் நடந்தால் வழி முழுக்கத் துணிக்கடைகள். சனிக்கிழமை மாலை அங்கே இரவுச் சந்தை போடுவார்கள். சுற்றிப் பார்க்க நன்றாக இருக்கும், துணி தேர்ந்தெடுக்க அது நேரமில்லை. வார நாளில் காலை பத்தரை, பதினொன்றுக்குப் போனால் கடைக்காரர்களுக்கும் பேச நேரம் இருக்கும், வெளியே நல்ல வெளிச்சமும் இருக்கும்.

வெளிச்சம் முக்கியம். கடைக்குள் வெள்ளை விளக்கில் நீலமாகத் தெரிந்த துணி வீட்டில் ஊதாவாக மாறியிருக்கிறது. கேட்டுக்கொண்டு ரோலின் நுனியைக் கடை முன்னால் உள்ள காக்கி லீமா நடைபாதை வரை இழுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். இதுவரை யாரும் எனக்கு மறுத்ததில்லை.

இந்தத் தெருவைப் பற்றி ஒரு விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. இங்கே துணி வியாபாரம் மலாய்ப் பெண்களின் உடையான பாஜு கூரோங்கைச் சுற்றி நடக்கிறது. ஒரு உடுப்புக்குச் சுமார் நாலு மீட்டர், அதையே மடித்து 'கைன் பாசாங்' என்று கட்டு கட்டாக அடுக்கியிருப்பார்கள். அதனால் கண்ணைப் பறிக்கும் பூக்கள் எல்லாம் உடலில் வழிந்து விழும் மெல்லிய துணிகளில்தான் வரும்: கிரேப், சாட்டின், ஷிஃபான். பைக்கு அவை ஒத்துவராது. ஊசிக்கு அடியில் வழுக்கும், விறைப்புக்காகப் பின்னால் பசைத்துணி ஒட்டினால் கொப்புளம் விடும், நாலு புத்தகம் வைத்தால் தொய்ந்துவிடும். வாசலில் தொங்குவதைப் பார்த்து மயங்கி நான் விட்ட பணம் கொஞ்சமில்லை.

மஸ்ஜித் இந்தியாவில் எனக்கு வழக்கமான கடை ஒன்று இருக்கிறது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அண்ணன் கல்லாவில் இருப்பார். நான் மூன்றாவது முறை போனபோது அவரே கேட்டார்.

"சட்டைக்காம்மா, வேற எதுக்கும்மா?"

"பை தைக்க அண்ணே."

"அப்ப இதெல்லாம் வேணாம்மா. இது காத்துல பறக்குற துணி. மேல போங்க, மெத்தை விரிப்புக்கு வந்த காட்டன் இருக்கு. திரைத்துணியும் அங்கதான்."

அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் புதுக் கதவு திறந்தது. மெத்தை விரிப்புத் துணி சாதாரணத் துணியைப்போல இரண்டு மடங்கு அகலத்தில் வரும், தொண்ணூறு அங்குலத்துக்கு மேல். ஒரு மீட்டர் வாங்கினாலே பையும் உள்துணியும் எடுத்து மிச்சம் இருக்கும். திரைத்துணியில் கனமான பருத்தி, பருத்தியும் லினனும் கலந்தது எல்லாம் கிடைக்கும். உள்ளே எதுவும் ஒட்டாமலே பை நிற்கும். திரைத்துணி வாங்கும்போது பின்பக்கத்தையும் பாருங்கள். வெயில் தடுக்க ரப்பர்போல ஒரு பூச்சு சிலவற்றில் இருக்கும், அது நாளாக ஆக உரிந்து பைக்குள் துகள் துகளாக விழும்.

துணி கேட்கும்போது இரண்டு மலாய்ச் சொற்கள் வேண்டும். 'பீடாங்' என்றால் அகலம், 'ஏலா' என்றால் கஜம். பீடாங் 45 என்றால் 45 அங்குலம், சுமார் 114 சென்டிமீட்டர். பீடாங் 60 என்றால் சுமார் 150. பருத்தி அச்சுத்துணி அநேகமாக 45இல் வரும், கேன்வாஸ் 60இல் வரும். ஏலாவும் மீட்டரும் வேறு என்பதை மறக்கக்கூடாது. இரண்டு கஜம் 183 சென்டிமீட்டர்தான். இரண்டு மீட்டர் என்று நினைத்து வாங்கி 17 சென்டிமீட்டர் குறைந்து, ஒரு கைப்பிடிக்குத் துணி இல்லாமல் போன அனுபவம் எனக்கு உண்டு. விலைச் சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் இப்போது வாய் திறக்கிறேன்.

எவ்வளவு வாங்குவது? நான் அதிகம் தைப்பது தோளில் மாட்டும் சாதாரணப் பை. தைத்து முடித்தால் அகலம் 36, உயரம் 38, அடிப்பக்கக் கனம் 10 சென்டிமீட்டர். தையல் விடுப்பும் சேர்த்து ஒரு முகத்துக்கு 48க்கு 45 துண்டு வேண்டும். 114 அகலத் துணியில் இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும், ஆக அரை மீட்டர் போதும். அதே துணியில் கைப்பிடியும் வேண்டுமென்றால் முக்கால் மீட்டர். 150 அகலம் என்றால் மூன்று முகம் உட்காரும். பெரிய பூ இரண்டு முகத்திலும் நட்ட நடுவில் வரவேண்டும் என்று ஆசைப்பட்டால் இந்தக் கணக்கு செல்லாது. ஒரு பூவின் நடுவிலிருந்து அதே பூ மறுபடி வரும் இடம்வரை டேப்பால் அளந்து, அந்தத் தூரத்தையும் கூட்டி வாங்க வேண்டும். சில கடைகளில் ஒரு மீட்டருக்குக் குறைத்து வெட்ட மாட்டார்கள். நாலு மீட்டர் விற்றுப் பழகிய கையிடம் அரை மீட்டர் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

தலைகீழ்க் கிளிக்கு வருகிறேன். முன்முகம், அடி, பின்முகம் மூன்றையும் ஒரே துண்டாக வெட்டி அடியில் மடித்தால் ஒரு தையல் மிச்சம். ஆனால் மேல் கீழ் உள்ள படமாக இருந்தால் ஒரு பக்கம் கட்டாயம் கவிழும். யானை, வீடு, பறவை, எழுத்து, தண்டோடு நிற்கும் பூ எல்லாவற்றுக்கும் இரண்டு துண்டாக வெட்டி அடியில் இணைக்க வேண்டும். கடையில் ரோலை ஒரு தடவை திருப்பி வைத்துப் பாருங்கள். திருப்பினாலும் அதே துணியாகத் தெரிந்தால் கவலையில்லை.

அடுத்தது துணி நிஜமாகவே பருத்தியா என்பது. 'காட்டன்' என்று சீட்டு ஒட்டியிருக்கும், கலப்பாக இருக்கும். ஓரத்திலிருந்து நாலு இழை உருவிக்கொண்டு வந்து வீட்டில் தட்டின்மேல் வைத்துக் கொளுத்திப் பார்ப்பேன். பருத்தி காகிதம் எரிவதுபோல மணக்கும், சாம்பல் தொட்டால் பொடியாகும். பாலியெஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருங்கி உருகி, ஆறியதும் கடினமான கறுப்பு மணியாக நிற்கும். இரண்டும் நடந்தால் கலப்பு. கலப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, அது சுருக்கம் விழாது, சீக்கிரம் காயும். ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி போட்டுப் பசைத்துணி ஒட்டும்போது எது கையில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது பாத்திக், மெழுகால் கோலமிட்டுச் சாயம் ஏற்றும் துணி. இதில் நான் அதிக நேரம் செலவிட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிளந்தான், திரங்கானு பாத்திக்கில் மூன்று வகை கைக்கு வரும். மெழுகைச் சாந்திங் என்ற சின்னக் கருவியால் வரைந்து, தூரிகையால் சாயம் பூசுவது ஒன்று. உலோக அச்சை மெழுகில் தோய்த்துப் பதிப்பது இன்னொன்று. மெழுகே இல்லாமல் பாத்திக் மாதிரி அச்சடித்தது மூன்றாவது. மூன்றையும் ஒரே பெயர் சொல்லித்தான் விற்பார்கள். பிரித்துப் பார்க்க எளிய வழி, துணியைத் திருப்புவது. மெழுகு பாத்திக்கில் சாயம் துணிக்குள் ஊறியிருப்பதால் பின்பக்கமும் ஏறக்குறைய முன்பக்கம் போலவே இருக்கும். அச்சடித்ததில் பெரும்பாலும் பின்பக்கம் வெளுத்திருக்கும். இன்னொரு வழியும் உண்டு. மெழுகு விரிசல் விட்ட இடத்தில் சாயம் புகுந்து மெல்லிய நரம்பு மாதிரிக் கோடுகள் விழும். அச்சடித்த துணியில் அந்த நரம்பையும் சேர்த்தே அச்சடித்திருப்பார்கள். ஒரு பூவில் உள்ள நரம்பு அடுத்த பூவிலும் அச்சு அசலாக அதே இடத்தில் இருந்தால் அங்கே மெழுகு இல்லை. அச்சடித்ததும் நல்ல துணிதான், நானே தைக்கிறேன். கைவேலைக்கு உள்ள விலையை அதற்குக் கொடுக்காமல் இருந்தால் சரி.

பாத்திக் சாரோங், அதாவது கைலி, ஒன்று சுமார் இரண்டு கஜ நீளம் இருக்கும். அதில் ஒரு பகுதி மட்டும் நிறத்திலும் கோலத்திலும் மாறி நிற்கும். அதற்குக் 'கெப்பாலா' என்று பெயர், தலை என்று பொருள். மிச்சம் 'பாடான்', உடல். கெப்பாலாவில் பல நேரம் வரிசையாகக் கூர் முக்கோணங்கள் இருக்கும், 'பூச்சோக் ரெபோங்' என்பார்கள், மூங்கில் குருத்து. நம் சேலைக்கு முந்தானை எப்படியோ அப்படி. முதலில் நான் இதைத் தெரியாமல் குறுக்கே வெட்டி, குருத்துகளைப் பாதிப் பாதியாக்கிவிட்டேன். இப்போது சாரோங்கை விரித்ததும் முதலில் கெப்பாலாவை எடுத்து வைத்துவிடுவேன். அது மூடி வைத்த தோள்பைக்கு மூடியாகும், குருத்தின் கூர் கீழ்நோக்கி விழும்படி. பாடான் பையின் உடலாகும். நெய்தவரும் அச்சுப் பதித்தவரும் துணியில் ஏற்கெனவே ஒரு தலையும் உடலும் வைத்துத் தந்திருக்கும்போது அதன் போக்கில் வெட்டினால் பை தானாகவே அமைந்துவிடுகிறது. இருபது, இருபத்தைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) நான் வாங்கும் அச்சுச் சாரோங் ஒன்றில் இரண்டு தோள்பை வரும்.

கையால் வரைந்த பாத்திக் வேண்டுமென்றால் ஜாலான் கோன்லேயில் உள்ள கைவினை வளாகத்துக்குப் போவேன், கொம்ப்லெக்ஸ் கிராஃப். ஆண்டுதோறும் அங்கே நடக்கும் தேசியக் கைவினை விழாவின்போது கிழக்குக் கரையிலிருந்து செய்பவர்களே வந்து கடை போடுவார்கள். 1888இல் ஈரச் சந்தையாகத் தொடங்கிய சென்ட்ரல் மார்க்கெட்டிலும் பாத்திக் நிறைய உண்டு, பார்க்க இனிமையான இடம். மீட்டர் கணக்கில் வாங்க நான் அங்கே போவதில்லை, தைத்து முடித்த பொருள்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்க்கப் போவேன். வரைந்த பாத்திக்கில் சாயம் நிற்கச் சோடியம் சிலிக்கேட் பூசுவார்கள். சில துணிகளில் அது முழுதாகப் போகாமல் கைக்கு வழவழப்பாகத் தட்டுப்படும். இரண்டு முறை அலசிய பிறகு வெட்டுங்கள்.

உள்துணிக்கு நான் பெலிக்காட் கைலி போடுகிறேன். இது அச்சுத்துணி இல்லை, கட்டம் போட்டு நெய்தது. ஆனால் வெளியே பூவும் இலையுமாக இருக்கும் பையைத் திறந்தால் உள்ளே நேர்நேராகக் கட்டங்கள் தெரிவது கண்ணுக்கு இதமாக இருக்கிறது, போட்ட சாவியும் சட்டென்று தெரிகிறது. பெலிக்காட் என்ற பெயர், ஐரோப்பியர் வாயில் 'புலிகாட்' ஆன பழவேற்காட்டிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டி, சோழமண்டலக் கரைத் துணிகளை மலாய்த் தீவுகளுக்குக் கப்பலேற்றி, பதிலுக்கு வாசனைப் பொருள்கள் வாங்கினார்கள். துறைமுகத்தின் பெயர் துணியின் பெயராக இங்கே தங்கிவிட்டது. தாத்தாவின் கைலியை மடித்து வைக்கும்போது அம்மாவுக்கும் எனக்கும் இது தெரியாது. தெரிந்த பிறகு அந்தத் துணியை வெட்டும்போது கை கொஞ்சம் நிதானமாகிறது.

இனி, ஒரு தவறு. தோழி ஒருத்திக்கு அவள் மகள் பிறந்தநாளுக்காக ஒரு பை தைத்துக் கொடுத்தேன். அடர் சிவப்பில் சின்ன வெள்ளைப் பூக்கள், உள்ளே பால் நிறத் துணி. துணி ஒரு கடையில் மலிவாகக் கிடைத்தது, துவைக்காமல் அப்படியே தைத்தேன். ஒரு மாலை மழையில் பை நனைந்தது. சிவப்பு இறங்கி உள்துணி முழுக்கத் திட்டுத்திட்டாக ரோஜா நிறம், பிள்ளையின் வெள்ளைச் சட்டையிலும் ஓரமாகப் பட்டிருந்தது. தோழி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் வீட்டுக்குப் போனபோது நானே பார்த்தேன். அந்தப் பிள்ளை அதே பையைத்தான் தோளில் மாட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் இன்னொன்று தைத்துக் கொடுத்தேன்.

அதிலிருந்து கைப்பையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை வைத்திருக்கிறேன். தண்ணீர் தொட்டு, சிவப்பு, கறுப்பு, கருநீலம் எதுவானாலும் துணியின் ஓரத்தில் பத்து முறை தேய்ப்பேன். கைக்குட்டையில் நிறம் ஏறினால் வெளிர் நிற உள்துணியோடு அதைச் சேர்க்க மாட்டேன். உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கடையில் வாங்கும் பருத்தித் துணியில் பிடிக்காமல் விட்ட சாயத்தை அவை பிடிக்கவைப்பதில்லை. திரும்பத் திரும்ப அலசி, வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைக் கூடவே போட்டு, அது வெள்ளையாகவே வரும்வரை துவைப்பதுதான் வழி. துவைத்தால் பருத்தி கொஞ்சம் சுருங்கவும் செய்யும், அதுவும் வெட்டும் முன்பே முடிந்துவிடும். மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் போகலாம் என்று வைத்துக்கொண்டு வாங்குகிறேன்.

பசைத்துணி பற்றி இரண்டு வரி. கடையில் 'கைன் கம்' என்று கேளுங்கள். காகிதம்போல் இருப்பது மலிவு, ஆனால் ஒரு முறை மடங்கினால் அந்த மடிப்பு பையின் முகத்தில் நிரந்தரமாக நிற்கும். நெய்த வகை கொஞ்சம் விலை கூடும், அச்சுத்துணிக்கு அதுதான் பொருத்தம். பெட்டியை இழுக்காமல் ஓரிடத்தில் பத்துப் பதினைந்து வினாடி அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். தையல் இயந்திர ஊசி எண் 14, கேன்வாஸ் என்றால் 16.

கடைசியாக, எப்போது வாங்குவது. நோன்புப் பெருநாளுக்கு முன் அந்தத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது, தீபாவளிக்கு முன் மஸ்ஜித் இந்தியாவும் அப்படித்தான். அப்போது புது வடிவங்கள் வரும், பார்த்து மனதில் குறித்துக்கொள்ளலாம். வாங்குவது பெருநாள் முடிந்து இரண்டு வாரம் கழித்து. ரோலின் அடியில் ஒன்றரை மீட்டர், ஒன்றே கால் மீட்டர் என்று துண்டுகள் மிஞ்சியிருக்கும். உடுப்புக்கு அது போதாது, யாரும் கேட்க மாட்டார்கள். கடை அண்ணன் பருத்தித் துண்டுகளை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில் தனியாகக் கட்டி, படிக்கட்டுக்கு அடியில் எனக்காக வைத்திருப்பார். சென்ற முறை அதில் மஞ்சள் கிளித் துணியே ஒரு துண்டு இருந்தது. அட்டைகளை வைத்து நகர்த்திப் பார்த்தேன். பென்சில் பை அளவுக்கு நெருக்கியபோது ஒரு கிளி முழுதாக, நிமிர்ந்து, கட்டத்துக்குள் உட்கார்ந்தது.